கொளஞ்சியின் கித்தான் சட்டை

கொளஞ்சிக்கு நீச்சல் தெரியாது என்பதை அவருடைய மனைவி ராசம்மாள்தான் என்னிடம் சொன்னாள். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் என் தையல் கடைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், சுவரில் தொங்கிய கடற்கொள்ளைக்காரர் உடுப்புகளைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்குத் தண்ணியில கால வெக்கவே பயம்க்கா. இதுல கடக்கொள்ளக்காரன் வேசம் வேற," என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும், "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவுரு கூட்டாளிங்களுக்குத் தெரிஞ்சா தூக்குல தொங்கிடுவாரு," என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பொதுவாகவே பேச்சு குறைவு. எட்டாம் வகுப்போடு நின்று மிஷினில் உட்கார்ந்தவள். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தைத்துப் பழகிவிட்டது.

கொளஞ்சி திட்டக்குடிப் பக்கத்து ஆள். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அண்ணன் ஊர்க் கிணற்றில் விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பிள்ளையையும் குளத்தில்கூட இறங்க விடவில்லை. பதினேழு வயதில் கடலூருக்கு வந்து வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, கேட்டு என்று இருபத்தைந்து வருடம் ஓடியது. பட்டறையில் யாரும் அவரை எதற்கும் பெரிதாகக் கூப்பிட்டதில்லை. "யோவ் கொளஞ்சி, அந்த ராட எடு" என்பதோடு சரி.

நான்கு வருடத்துக்கு முன் சிதம்பரத்திலிருந்து ஸ்ரீதர் என்பவர் அந்தப் பட்டறைக்கு ஒரு பழைய படத்தின் ஜெராக்ஸோடு வந்தார். சிதம்பரத்தில் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர். முந்நூறு வருடத்துக்கு முன் இந்தக் கடற்கரைப் பக்கம் திரிந்த கொள்ளைக் கப்பல்களைப் பற்றி எங்கே எது அச்சாகியிருந்தாலும் தேடி எடுத்துக் கோப்பில் குத்தி வைப்பார். அவரும் எட்டு பேரும் சேர்ந்து, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தக் காலத்துக் கொள்ளைக்காரர் போலவே உடுத்தி, படகில் வந்து கரையில் இறங்கிக் காட்டுவார்கள். சம்பளம் கிடையாது. ஒருவர் பேங்கில் வேலை, ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், பறங்கிப்பேட்டை ரஃபியுதீன் பத்து வருடம் துபாய்க் கப்பலில் இருந்துவிட்டு வந்து செல்போன் கடை போட்டவர். பார்ப்பதற்குப் பிள்ளைக்குட்டிகளோடு ஜனங்கள் வருவார்கள்.

ஸ்ரீதர் கேட்டது ஒரு இரும்புக் கொக்கி. கொளஞ்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப வெல்டிங் இருந்துச்சா சார்?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், உலையில் காய்ச்சி அடித்தே செய்து கொடுத்தார். எங்கேயும் பற்றவைத்த தழும்பு கிடையாது. கொக்கியை வாங்கிப்போன ஸ்ரீதர் மறுநாளே திரும்பி வந்து, "நீங்களும் எங்ககூட வர்றீங்களா?" என்றார். அப்படி ஒருவர் தன்னைக் கேட்டதை கொளஞ்சி என் கடையில் நின்று எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

முதல் வருடம் வேனில் கறுப்புக் கொடியைக் கட்டிக்கொண்டு போனபோது ஆல்பேட்டையில் போலீஸ் மறித்தது. அன்று யாரோ மந்திரி வருகிறாராம். ஏட்டு வேனுக்குள் எட்டிப் பார்த்து, "யாருக்குய்யா கறுப்புக் கொடி காட்டப் போறீங்க?" என்றார். பயந்துபோன கொளஞ்சி, "யாருக்கும் இல்ல சார். நாங்க கொள்ளக்காரங்க," என்று சொல்லிவிட்டார். ஏட்டு சிரித்து, "அத மெதுவா சொல்லுய்யா," என்று வழிவிட்டாராம். அன்றிலிருந்து கூட்டத்தில் அவருக்கு மரியாதை கூடியது. ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் "பாய்மரம்" என்று பட்டப் பேரும் வைத்தார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படகு ஏறுவதற்கு முன் ஸ்ரீதர் ஒவ்வொருவரையும் தடவிச் சோதிப்பார். கைக்கடிகாரம், ஜிப், பிளாஸ்டிக் பட்டன், ரப்பர் செருப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிடிபட்டவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஒருமுறை ரஃபியுதீன் இடுப்பில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

"கப்பல்ல பிஸ்கட் இருந்துச்சுன்னு நீதான மச்சான் சொன்ன?" என்றார் ரஃபி.

"இருந்துச்சு. நடுவுல கிரீம் இல்ல," என்றார் ஸ்ரீதர்.

இன்னொரு வழக்கம், யாரும் தன் உடுப்பைத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. ஸ்ரீதரின் படத்தில் இருந்தபடி நான் தைத்தது கையில்லாத கித்தான் சட்டை. முன்பக்கம் மூடியிருக்கும். திறக்கும் வாய் முதுகில். அதைக் குறுக்கும் மறுக்குமாகப் பருத்திக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். ஒருவர் முதுகை இன்னொருவர் கட்டுவார். கொளஞ்சியின் முதுகை எப்போதும் ரஃபிதான் கட்டுவார். கப்பலில் கற்ற முடிச்சு. கட்டி முடித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்காக கொளஞ்சி தோளை நிமிர்த்திக்கொண்டு காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன மார்கழியில் அவர் புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். "உள்ள கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தைங்கக்கா. நெஞ்சு அகலமாத் தெரியணும். பாய்மரம் பாய்மரம்னு உயிர எடுக்குறானுங்க."

"ஸ்ரீதர் சார் ஒத்துக்குவாரா?" என்றேன்.

"கேட்டுட்டேன். அந்தக் காலத்துலயும் கத்திக் குத்துக்குப் பஞ்சு வெப்பாங்களாம். ஓகேன்னுட்டாரு."

பஞ்சு வைத்துத் தைத்தேன். மிஷினில் ஏற்றும்போதே கனத்தது. ராசம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும் என்பது தையல்காரிக்குத் தெரியாமல் இருக்காது. அதனால் அவரிடம்கூடச் சொல்லாமல் கயிற்றுக்கு அடியில் எட்டு டிச் பட்டன் வைத்தேன். மேலே கயிறு வெறும் அழகுக்கு, முனையில் மட்டும் லேசாகப் பிடித்திருக்கும். பலமாக இழுத்தால் முதுகு முழுதும் பிரிந்துவிடும்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஸ்ரீதர் அதைக் கண்டுபிடித்தார். முதுகைத் தடவியவர் விரலால் பிரித்து, திரும்பப் போட்டு, மறுபடி பிரித்தார். டிச், டிச் என்று எல்லோருக்கும் கேட்டதாம்.

"பாய்மரம், இது எந்தக் கப்பல்ல வந்துச்சு?" என்றார்.

"கொழந்தப் புள்ள ஜட்டியிலதான் இத வெப்பாங்க மாமா," என்று ஒருவர் சொன்னார். ஒன்பது பேரும் சிரித்தார்கள். ரஃபியும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் கொளஞ்சி சிரிக்கவில்லை. வெல்டிங் தழும்புகூட இல்லாமல் கொக்கி அடித்துக் கொடுத்தவர் அவர். கூட்டத்தில் ஒருமுறைகூடப் பிடிபடாதவர். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமல் நேராக என் கடைக்கு வந்தார்.

"யாரு வெக்கச் சொன்னா?"

நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"ராசம்மா சொன்னாளா?"

அதற்கும் நான் பேசாமல் இருந்ததில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார். "இடுப்பளவு தண்ணிக்கா. நாலு வருசமா எறங்குறேன். ஒண்ணும் ஆவல. நீங்க வேற யாருகிட்டயும்…"

"சொல்ல மாட்டேன்."

"பிரிச்சுடுங்க. கயிறே போதும்."

எதிரில் உட்கார்ந்திருந்தார். எட்டுப் பட்டனையும் பிரித்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, பறங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடம். இரண்டு பைபர் படகுகளைக் கித்தான் போட்டு மூடி மரப் படகு போல ஆக்கியிருந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டுகள் அந்தக் கித்தானுக்கு அடியில் கிடந்தன. ஆரஞ்சு நிறம் வெளியே தெரியக் கூடாது. உடுப்பு கிழிந்தால் தைக்க நானும் ஊசி, நூல், சின்னக் கத்தரியோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். நூறு பேருக்குமேல் கூட்டம். காலை பத்தரை மணி வெயில்.

ஒவ்வொரு வருடமும் கொளஞ்சி கடைசியில்தான் இறங்குவார். ஒரு பக்கம் ரஃபி, ஒரு பக்கம் ஆட்டோக்காரர். தற்செயலாக அமைகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று படகு கரையைப் பார்த்து வரும்போது முனையில் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றது கொளஞ்சி. நெஞ்சு அகலமாகத்தான் தெரிந்தது. படகு நிற்பதற்குள் கத்திக்கொண்டே குதித்தார்.

கார்த்திகை மழை வெள்ளத்தில் முகத்துவார மணல் இடம் மாறியிருந்தது. போன வருடம் இடுப்பளவு இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது. அவர் முழுதாக உள்ளே போனார். ஒரு தடவை தலை வந்தது. கொக்கியோடு கை வந்தது. கூட்டம் கை தட்டியது. பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளைக்கு, "பாரு, முழுவுற மாரி நடிக்கிறாரு," என்று காட்டினாள்.

ரஃபி உடனே குதித்தார். மற்றவர்களும் குதித்தார்கள். ஊறிய பஞ்சோடு அவரை இழுக்க நான்கு பேர் போதவில்லை. மேட்டு மணலுக்குக் கொண்டுவருவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. நெஞ்சை அமுக்கப் பார்த்தால் கித்தானும் ஈரப் பஞ்சும் கையைத் தள்ளின. சட்டையைக் கழற்ற வேண்டும். குப்புறப் புரட்டினார்கள். கயிறு இறுகி முடிச்சு கல்லாகியிருந்தது. கட்டிய ரஃபியாலேயே அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்தார்.

"கத்தி, கத்தி எடு," என்று ஸ்ரீதர் கத்தினார்.

ஒன்பது பேர் இடுப்பிலும் கத்தி இருந்தது. எல்லாம் கொளஞ்சி செய்து கொடுத்தவை. யாருக்கும் காயம் பட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் மழுங்கத் தேய்த்திருந்தார். தகரமும் மரமும். ஒருவர் அதை வைத்துக் கயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், அறுபடவில்லை.

நான் ஓடினேன். மணலில் கால் புதைந்தது. என் கையில் இருந்தது நூல் வெட்டும் கத்தரி. ஈரக் கயிற்றை ஒரே வெட்டில் அறுக்க அதற்குப் பலம் இல்லை. பதினொரு குறுக்குக் கயிறு. ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை நறுக்கி நறுக்கி வெட்டினேன். இழுத்துக் கட்டும்படி நானே அளவு வைத்துத் தைத்தது.

சிதம்பரத்துக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் ஆம்புலன்சில் ரஃபி நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனார். மதியம் ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராசம்மாள் வந்தபோது ஒன்பது பேரும் உடுப்பு மாற்றாமல் வராந்தாவில் நின்றிருந்தார்கள். தலையில் துணி, இடுப்பில் கத்தி. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தாள்.

"இத்தினி பேரு கத்தியோட நின்னீங்களே. ஒரு கயித்த அறுக்க ஒருத்தராலயும் முடியலையா?"

ஸ்ரீதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததில் எனக்கே பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. திட்டக்குடிச் சொந்தக்காரர்கள் இவர்கள் யார் என்று கேட்டார்கள். "கப்பல்காரங்க," என்றாள் ராசம்மாள். அதற்குமேல் சொல்லவில்லை. ஒன்பது பேரும் பந்தலில் நாற்காலி அடுக்கினார்கள், இலை எடுத்தார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. கோப்பு முழுவதையும் எடைக்குப் போட்டுவிட்டதாக ஸ்ரீதர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

ரஃபி வாசலில் தனியாக நின்றார். விரலில் கயிறு அறுத்த காயம் காய்ந்திருந்தது. அவர் தன் முடிச்சுதான் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. அதற்காகவாவது நான் வாயைத் திறக்க வேண்டும் என்று பட்டது.

"தம்பி, அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "எங்களுக்கும் தெரியும்க்கா."

எனக்குப் புரியவில்லை.

"மொத வருசமே தெரியும். தேவனாம்பட்டினத்துல எறங்கறப்ப என் கையப் புடிச்சாரு. நகம் பதிஞ்சு ரத்தம் வந்துச்சு. இடுப்பளவு தண்ணிதான். அப்பவே புரிஞ்சுபோச்சு. கேட்டா வெக்கப்பட்டு வராம இருந்துடுவாருன்னு நாங்களே பேசி வெச்சுக்கிட்டோம். கடைசில எறக்கணும், ரெண்டு பக்கமும் ஆளு நிக்கணும்னு. தெரியாத மாரியே இருந்தோம்." விரல் காயத்தைத் தடவிக்கொண்டே, "அன்னைக்கு ஏன் முன்னால போயி நின்னாருன்னுதான் தெரியலக்கா," என்றார்.

எனக்குத் தெரியும். பட்டன் பேச்சை எடுத்தேன். பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"சிரிச்சோம்ல," என்றார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு ராசம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டாள். போட்டோவுக்குப் போட்ட மாலை வாடியிருந்தது. அவள் அதைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அவுருக்கு நீச்சல் தெரியாதுன்னு அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வாசலில் நாற்காலிகளை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது.

"தெரியாது," என்றேன்.

"நல்லவேள," என்றாள் ராசம்மாள். "அது ஒண்ணாவது அவுரு நெனச்ச மாரி நடந்துச்சு."

மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களை முந்தானையில் கூட்டி எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப் பக்கம் போனாள்.