கால் இல்லாத வேண்டாம்

அச்சகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர் முதலாளி. யாராவது அப்படிக் கூப்பிட்டால் வெட்கப்படுவதுபோல் நடிப்பேன். உள்ளுக்குள் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்களா என்றிருக்கும்.

பள்ளி இறுதியோடு படிப்பு நின்று, பைண்டிங் மேசையில் பசை தடவ வந்தவன் நான். பசை காயும் நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். ஒருநாள் பள்ளிக்கூட நோட்டீஸ் ஒன்றில் 'பெற்றோர் வருக' என்பது 'பெற்றார் வருக' என்று இருப்பதைக் காட்டிக்கொடுத்தேன். அன்றே என்னை மெய்ப்புப் பார்க்க உட்கார்த்திவிட்டார்கள். சொல்லித்தர ஆளில்லாததால் நானே விதி வகுத்துக்கொண்டேன்: முதல் முறை பொருளுக்கு, இரண்டாம் முறை எழுத்துக்கு, மூன்றாம் முறை எண்களுக்கு. இருபத்தாறு வருடத்தில் மூன்றும் எப்போது ஒரே வாசிப்பாகக் கரைந்தன என்று எனக்கே தெரியாது. வேகம் கூடிவிட்டது என்று பெருமைப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

வேகத்தின் ரகசியம் எளியது. கண் சொல்லின் தலையைத் தொட்டதும், வாலை மனசு தன் கையிருப்பிலிருந்து எடுத்து ஒட்டிவிடும். தமிழில் ஆமா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டிலும் இதே கதைதான். மனைவி, "மோட்டார் போட..." என்று ஆரம்பித்தால் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து நிற்பேன். மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும்.

"வேணாம்னு சொல்ல வந்தேன். ஒரு வார்த்தை முழுசா காதுல விழக்கூடாதா உங்களுக்கு?"

போன மாதம் ஒரு காய்ச்சல் மருந்துக்கான விளக்கத்தாள் அச்சடித்தோம். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, அது. மெய்ப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். நாற்பதாயிரம் தாளையும் ஏற்றிப்போக மூன்று மணிக்கு வண்டி வரும். பன்னிரண்டு மணிவாக்கில் மடிப்புப் பிரிவு அக்கா ஒரு தாளோடு வந்தார். என்னைவிட இளையவர்தான், அச்சகத்துக்கே அக்கா.

"அண்ணே, இத கைக்குழந்தைக்குக் குடுக்கலாம்ல?"

"யாருக்கு?"

"பேத்திக்கு. நாலு மாசம். காலையிலருந்து உடம்பு கொதிக்குது. மாப்ள இதே மருந்த வாங்கி வச்சிருக்காரு."

"ஐயையோ, கூடாது! ஆறு மாசத்துக்குள்ள கூடாதுன்னு இதுலயே இருக்கே. நான்தானே பாத்தேன்."

"குடுக்கணும்னுல்ல போட்டிருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மூன்று வருடத்துக்கு முன்புதான் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். பஸ் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். தாளை வாங்கிச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தேன்: "ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்."

"இன்னொருவாட்டி படிங்க."

படித்தேன். வேண்டாம்தான்.

அக்கா கடைசிச் சொல்லுக்குக் கீழே நகத்தை வைத்தார். "வே... ண்... டு... ம். டாவுக்குக் கால் வேணும்லண்ணே? இதுக்குக் கால் எங்க?"

அப்போதுதான் கண் திறந்தது. வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு முறை சத்தமாகப் படித்தபோதும் வேண்டும் என்றே இருந்திருக்கிறது. 

"முதல்ல வீட்டுக்குப் போன் போடுங்கக்கா!"

அக்கா போட்டார். "மாப்ள, அந்த மருந்த பிள்ளைக்குக் குடுக்க..."

"இதோ குடுத்துர்றேன் அத்தை," என்றது போன். இணைப்பு அறுந்தது.

என்னைப்போல் ஒருவன்! மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கையில் பிள்ளை, மறுகையில் மருந்துக் குப்பி இருந்தால் எந்தக் கையால் எடுப்பான்? ஒன்பதாவது மணியில் எடுத்தான்.

"வேணாம்!" என்று அக்கா கத்தினார். "வேணாம் மாப்ள, வேணாம்! அந்த மருந்து வேணாம்! பிள்ளையத் தூக்கிக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. நான் அங்க வந்துர்றேன்."

 "மூடியத்தான் திறந்தேன் அத்தை," என்றது போன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் முதலாளி அறைக்கு ஓடினேன். வழக்கமாக நான் பேச்சைச் சுற்றிவளைத்துத்தான் ஆரம்பிப்பேன். அன்று வினைச்சொல்தான் முதலில் வந்தது.

"அனுப்பாதீங்க! வண்டிய அனுப்பாதீங்க!"

காரணத்தைக் கேட்டுவிட்டு முதலாளி மெய்ப்புத் தாளில் என் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். அழகான கையெழுத்து. எந்த எழுத்திலும் கால் விடுபடவில்லை.

"யார் கண்டுபிடிச்சது?"

"மடிப்பக்கா."

"அப்ப இத்தனை வருஷமா நீ என்னய்யா பண்ணிட்டிருந்த?"

 வண்டி காலியாகத் திரும்பியது. பேத்தியை டாக்டர் பார்த்துவிட்டார், பயமில்லை என்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் புது மெய்ப்பு வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே நகத்தை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தேன். ஒரு தாளுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஆறாவது வரியில் 'மருத்துவர்' என்பது 'மருத்தவர்' என்று இருந்தது. பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான். சிவப்பு மையால் திருத்தினேன். முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை.