ஸ்ரீவத்சன் எழுதிய ஏழு வரிகள்

"இன்னா மச்சி, இன்னிக்கு இன்னா கோவம்?" என்று கேட்டுவிட்டுத்தான் நூர் முஹம்மது மோட்டார் பெட்டியின் மூடியைக் கழற்றுவார். கேள்வி பெட்டிக்கு இல்லை. போன மார்கழியில் மாரடைப்பில் போய்விட்ட ஸ்ரீவத்சனுக்கு. எங்கள் மயிலாப்பூர் அடுக்குமாடியில் நேரம் பார்த்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பெட்டி அது. எண்பத்தேழில் வைத்தது. அதற்குள் ஒரு சிப். சிப்புக்குள் ஸ்ரீவத்சன் எழுதிய புரோகிராம். கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருவருக்கும் பன்னிரண்டு வருஷம் ஒரே மேஜை. எழுதியது அவர், கம்பி பூட்டியது இவர். இப்போது இரண்டும் இவர்.

ஆள் ஒல்லி. மீட்டர் அறைக் கதவைத் திறக்காமலே உள்ளே போவார் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காதில் பென்சில். கக்கத்தில் புரோகிராமை அச்சடித்த காகிதக் கட்டு; பிரித்தால் கபாலி கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும். சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் எழுதியது அழிந்துவிடுமாம். "மாமி, ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு குடுங்க, பெர்சா" என்று என்னிடம் வாங்கி அதன்மேல் ஒட்டுவார். அதுவும் ஸ்ரீவத்சன் பழக்கம்.

இந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் விடிகாலையிலிருந்து ஏழரைக்கு மாறியது; ஒன்பதுக்கு நின்றுவிடும். எங்கள் கீழ்த்தொட்டியோ உப்புக் கிண்ணம் அளவு. உடனுக்குடன் மேலே ஏற்றாவிட்டால் அன்று குளியல் இல்லை. மற்ற நாள் ஒழுங்காக ஓடிய மோட்டார், திங்கட்கிழமை மட்டும் ஒன்பது மணிவரை ஊமை. மூன்று வாரம் இப்படி. கம்பெனி முதலாளி கெடு வைத்துவிட்டார்: அடுத்த திங்களும் ஓடாவிட்டால் எல்லாக் கட்டடத்திலும் புதுப் பெட்டி, ஸ்ரீவத்சனின் புரோகிராம் குப்பைக்கு.

"அவன் எய்துனதுல தப்பே வராது மாமி" என்று காகிதத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். ஏழு வரி, ஏழு நேரம். பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'தொடாதே'. "இது மட்டும் இன்னான்னே புரில. அவன் தொடாதேன்னா நான் தொட மாட்டேன்."

"வாசியுங்கோ, கேக்கறேன்."

"ஞாயிறு நாலரை, திங்கள் ஏழரை, செவ்வாய் மூணு..."

"புதன் பன்னண்டு, வியாழன் ஒண்ணரை, வெள்ளி பத்தரை, சனி ஒம்பது" என்று அப்பளம் இட்டபடியே முடித்தேன்.

வாய் பிளந்தார். "மாமி, உங்களுக்கு மெஷின் கோடு தெரியுமா?"

"மயிலாப்பூர்ல காக்காய்க்குக்கூடத் தெரியும். ராகு காலம்! அதுல எதையும் ஆரம்பிக்கப்படாதுன்னு மோட்டாருக்கும் சொல்லி வெச்சுட்டுப் போயிருக்கார்."

சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைக்கவேண்டி வந்தது. "பன்னெண்டு வருசம் அவன் தயிர் சோத்துக்கு எங்க வூட்டு ஊறுகாதான் மாமி. இத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லல பாருங்க, கேடி!"

அடுத்த திங்கள், ஏழரைக்கு, புதுப் பொட்டு வைத்த சிப்போடு மோட்டார் உறுமியது. மேலே தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"அந்த ஏழு வரியை அழிச்சாச்சா?" என்றேன்.

"அத்த எப்டி மாமி? அப்டியே கீது. பாக்காம தாண்டிப் போன்னு மேல ஒரு வரி போட்டேன், அவ்ளோதான்."

பிறகு காகிதக் கட்டை என் வாசற்படியில் விரித்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ஸ்ரீவத்சனின் 'தொடாதே'க்குக் கீழே, அதே ஆங்கில எழுத்தில், பொடியாக எழுதினார்: 'தொடல மச்சி.'