என் குழாய்க்கு நானே போட்ட ஓகே

போன வாரம் என் இதய ரத்தக்குழாயை டிவியில் பார்த்தேன். நேரடி ஒளிபரப்பு. நடிகனும் நானே... நடுங்கிய ரசிகனும் நானே.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாய் கம்பெனி ஒன்றில் இருபது வருடமாகத் தரம் பார்ப்பது என் வேலை. வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, அல்ட்ராசவுண்டிலும் சோதித்து, 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் லாரி காத்திருந்தால்... எக்ஸ்ரே மட்டுமே போதும்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் படியில் நெஞ்சு வலித்தது. சென்னை ஆஸ்பத்திரியில் அடைப்பு என்றார்கள், குழாயை விரித்து நிறுத்தும் கம்பிவலையான ஸ்டென்ட் என்றார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் 'ஓகே' என்றும் எழுதிவிட்டேன்.

"சார், இன்னும் ஒண்ணும் பண்ணவேயில்ல" என்றார் நர்ஸ்.

மணிக்கட்டை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். அது வழியாக ஸ்டென்ட் உள்ளே போனது. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக விட்ட சாயம், அதாவது டை, ஓடிய பாதை திரையில் அடைப்பில்லாமல் சீராகத் தெரிந்தது.

"முடிஞ்சுதா டாக்டர்?"

"இது வெறும் நிழல் சார். ஸ்டென்ட் நல்லா விரிஞ்சு சுவரோட ஒட்டியிருக்கான்னு உள்ள போய்த்தான் பாக்கணும். கேமரா மாதிரி வெளிச்சம் விட்டுப் பாத்தா படம் துல்லியமா இருக்கும். ஆனா ரத்தத்த ஒதுக்க இன்னும் டை விடணும். உங்க கிட்னிக்கு அது வேணாம். குழாய்க்குள்ளயே அல்ட்ராசவுண்ட் விட்டுப் பாத்தா போதும்."

நியாயம்தான். கலங்கல் தண்ணீர் நிற்கும் குழாயில் எங்கள் கேமராவும் குருடு. புரிந்ததால் பயம் போனதா? அதுதான் இல்லை.

திரையைப் பார்த்து டாக்டர் "ம்..." என்றார். எனக்குத் தெரியாத 'ம்'மா அது? ரிஜெக்ட் செய்யுமுன் நான் போடுவது!

"ஒரு இடத்துல சரியா விரியல."

"டாக்டர், என் ஊட்டுக்காரிய கூப்டுங்க."

"பெரிய பலூன் ஒண்ணு ஊதினா விரிஞ்சிடும். நீங்க கையை ஆட்டாதீங்க."

ஊதினார். மறுபடியும் உள்ளே பார்த்தார். இந்த முறை 'ம்' வரவில்லை.

சாயங்காலம் மனைவி மல்லிகாவிடம் என் வீரத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நெழல மட்டும் பாத்துட்டு உட்டிருந்தா?"

"பாதி விரிஞ்ச ஸ்டென்டோட ஊட்டுக்கு வந்திருப்பேன்."

கொஞ்சம் யோசித்தாள். "ஏங்க, சனிக்கெழமைல எக்ஸ்ரே மட்டும் பாத்து ஓகே போட்டுக்கினு இருந்தீங்களே... அந்தக் கொழாயெல்லாம் இப்ப எங்க கீது?"

லேசாக நெஞ்சு வலிப்பதாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.