யாருக்கும் அளவெடுக்காத வாசற்கால்

திண்டிவனத்தில் பொழுது விடிந்தால் நான் காணும் முதல் விநோதம், தச்சர்கள் சைக்கிளேறி எங்கோ கிளம்பிப் போவதுதான். கேரியரில் உளிப்பை, ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. ரங்கூனில் மரம் பட்டறைக்கு வரும். இங்கே தச்சன் மரத்தைத் தேடிப் போகிறான். வீடு கட்டுகிறவர் மரத்தை வாங்கித் தன் வாசலில் போட்டு வைப்பார். ஆசாரி அங்கேயே உட்கார்ந்து, அந்த வீட்டுக் காப்பியைக் குடித்து, அந்த வீட்டுச் சண்டைகளுக்கெல்லாம் பஞ்சாயத்தும் பண்ணிக்கொண்டு, ஒரு கதவை மாதக்கணக்கில் இழைப்பார். பட்டறை என்றால் என்னவென்றே தெரியாத ஊர், நமக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களும், என்னோடு கப்பலேறி வந்தவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நல்ல காலத்தின் லட்சணத்தை.

ரங்கூனில் நான் மரப்பட்டறை மேஸ்திரி. கதவும் நிலையும் செய்து வரிசையாகச் சாத்தி வைப்போம். சட்டை வாங்குகிற மாதிரி வந்து, பார்த்து, வண்டியில் ஏற்றிப் போவார்கள். ஒரு நாள் பர்மா சர்க்கார் எங்கள் பட்டறைக்குப் பூட்டுப் போட்டது. அங்கே எங்களைக் 'கலா' என்பார்கள், அந்நியன் என்று பொருள். சொந்த நாட்டுக்குப் போ என்றார்கள். சரி, வந்தோம். விழுப்புரத்தில் ஒரு மர டிப்போவில் கட்டை தூக்கினேன். என்னைவிட வயதில் சின்னவன், "டேய் பர்மா, இதத் தூக்கு" என்பான். என் மனைவி அஞ்சலை விக்கிரவாண்டிப் பக்கத்தில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறியவள். ஒரு நாள் என் தோள் புண்ணுக்கு எண்ணெய் போட்டபடி, "செத்தாலும் நம்ம பட்டறைல சாவோம், இன்னொருத்தன் கட்டைக்கு அடியில வேணாம்" என்று அழுதுவிட்டாள். அன்றைக்குத்தான் சொந்தப் பட்டறை என்ற வெறி எனக்குப் பிடித்தது.

அகதிகளுக்குத் தொழில் கடன் தருகிறார்கள், ஆனால் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதினேன். லாரி நிற்கும் சாலையோரம் கொட்டகை, கரண்டில் ஓடும் அறுவை மெஷின், நாலே நாலு அளவில் வாசற்கால், எப்போதும் கையிருப்பு. விழுப்புரத்து ஆபீசர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"எல்லார் வூட்டுக்கும் நாலே அளவு போதுமா?"

"ரங்கூன்ல அவ்வளவுதான் சார். எந்த வீடானாலும் இதுல ஒண்ணு சரியாயிடும்."

"அடேங்கப்பா, ஃபாரின் முறைன்னு சொல்லுங்க!" என்று வாயைப் பிளந்து, கையெழுத்தையும் போட்டுவிட்டார். நான் ஊர் வழக்கத்தை விசாரித்துவிட்டுத்தான் எழுதியிருப்பேன் என்று அவர் நினைத்தார். வழக்கம் தெரிந்தவர்தானே கையெழுத்துப் போடுகிறார் என்று நான் நினைத்தேன்.

திண்டிவனத்தில் கொட்டகை எழுந்தது. பலகையில் என் பெயரைப் பார்த்து அஞ்சலை பூரித்துப் போனாள். இங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விற்ற கையோடு பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் மனைவியோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். ஒரு வாசற்காலைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"வேல சோக்கா கீதுங்க. யார் வூட்டுக்குச் செஞ்சது?"

"யாருக்கும் இல்லீங்க. யார் வாங்குறாங்களோ அவங்களுக்குத்தான்."

"அதெப்புடிங்க? ஆளு நட்சத்திரம் பாக்காம வாசக்கா செய்வாங்களா? செய்யச் சொன்னவரு செத்துகித்துப் பூட்டாரா?"

நான் சிரித்துவிட்டு, ரங்கூன் பெருமையெல்லாம் எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். "பாதியில நின்ன வூட்டு வாசக்கா நமக்கு வாணாம். ஜல்தியா வாய்யா!"

வீட்டுக்காரரின் நட்சத்திரத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் இங்கே வாசற்காலின் உயரமும் அகலமும் தீர்மானமாகிறது. கணக்குத் தப்பினால் குடும்பத்துக்கு ஆகாதாம். ஆள் பெயர் சொல்லாமல் செய்தது என்றால், அது யாரோ கட்ட முடியாமல் விட்ட வீட்டுடையதாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த சந்தைக்குள், குடி கெட்ட வீட்டு வாசற்கால்களை வாங்கி பர்மாக்காரன் விற்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. பிறகு ஓர் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆபீசர் விக்கிரவாண்டியில் வீடு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். என் திட்டத்தை மெச்சியவராயிற்றே, அவர் ஒரு வாசற்கால் வாங்கினால் ஊர் வாயை அடைத்துவிடலாம். போனால், அவர் வீட்டு வேப்ப மரத்தடியில் ஓர் ஆசாரி உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறார்.

"அது ஆபீஸ் விஷயம், இது வூட்டு விஷயங்க" என்று ஆபீசர் நெளிந்தார். "என் நட்சத்திரத்துக்கு அப்பவே அளவு போட்டாச்சி. கோச்சிக்காதீங்க."

அப்படியே திரும்பி நடந்தேன். தன் வீட்டு வாசலுக்கு ஒப்பாத காரியத்தை என் பிழைப்புக்கு மட்டும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார், மகானுபாவர்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டில், பெஞ்சு என்று மாற்றி எழுதியிருப்பேனே. பட்டறையை மூடினேன். வாசற்கால்களை அறுத்து வண்டிச் சட்டத்துக்கு விற்றேன். அஞ்சலை பெயர்ப் பலகையை அடுப்பில் வைக்க மனமில்லாமல் பரணில் போட்டாள்.

இப்போது அகதிக் காலனியில் ஒரு மனை கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வாசற்கால் வைக்க வந்த ஆசாரி, "உன் நட்சத்திரம் சொல்லுய்யா" என்றார்.

எனக்குத் தெரியாது. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பனுக்கு அதையெல்லாம் குறித்து வைக்க ஏது நேரம்? பிறந்தது சனிக்கிழமை என்று மட்டும் தெரியும். பர்மாவில் அது போதும். புத்தர் கோயிலில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை உண்டு. சனிக்கிழமை மூலையில் நின்று கூட்டாளிகளோடு நானும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"கெழமைய வச்சிக்கினு நான் என்னா பண்றது?" என்று ஆசாரி தலையைச் சொறிந்தார். "சரி வுடு, உன் பொஞ்சாதிக்கு ரோகிணியாமே. அதுக்கே போட்டுடலாம்."

வாசற்கால் வைத்த அன்று அஞ்சலையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் கற்பூரம் காட்டினார்கள். நான் ஓரமாக நின்று, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த மூலைக்கு மனசுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு எல்லாருக்கும் வழிவிட்டு, என் வீட்டுக்குள் கடைசி ஆளாக நுழைந்தேன்.