கேட்டில் விட்ட மூச்சு

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். மருதாசலத்தின் பேச்சு விடியும் வரைகூடத் தாங்காது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து, காண்ட்ராக்டில் மண் சுமந்து, பிறகு பர்மனென்ட் ஆகி, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டியவர். தங்கமான வேலைக்காரர். ஆனால் எண்பதுகளில் சாராயக்கடைகளைத் திறந்தாலும் திறந்தார்கள், அவர் சைக்கிள் தானாக அந்தப் பக்கம் திரும்பப் பழகிவிட்டது.

ஒருநாள் போதையோடு வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை வாடை அடித்தால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அப்புறம் மனைவி சந்திராவும் இரண்டு பெண்பிள்ளைகளும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். நினைத்தாலே அவருக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் குடிக்கத் தோன்றும். குடிக்கத் தோன்றினால் பயம் வரும். என்ன கொடுமை பாருங்கள்!

பெல்ட்டில் கூட வேலை பார்த்த சக்கரபாணி, தானும் குடித்துச் சீரழிந்து மீண்டவர், ஒரு வழி சொன்னார். "குடிக்கணும்ங்கற வெறி கொஞ்ச நேரந்தான்யா நிக்கும். வந்தா பதறாத. மூச்ச மெதுவா இழு, அதவிட மெதுவா வுடு. அது வடியற வரைக்கும் வுட்டுக்கினே இரு."

மூச்சுவிடத் தெரியாதவனா நான் என்று மருதாசலம் சிரித்தார். ஆனாலும் அன்று சாயங்காலம் கடைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்து விட்டார். நாக்கு வறண்டது. பிடியை விடவில்லை. கடைசியில் வெறி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குடிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை ஷிப்ட். கேட்டில் நின்ற பாவாடை என்ற காவல்காரரைப் பார்த்ததும், பழக்கதோஷம், வாயை இறுக மூடி மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தார். குடித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. பாவாடைக்குத் தெரியாதா? கையை நீட்டி மறித்தார்.

"நில்லுய்யா. ஊது."

மருதாசலத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. நேற்றுக் குடிக்கவில்லைதான், இத்தனை வருஷம் குடித்தது உடம்பிலேயே ஊறிப்போய் இன்றும் வீசினால்? கால் நடுங்கியது. கண்ணை மூடி மெதுவாக இழுத்தார். அதைவிட மெதுவாக, பாவாடையின் முகத்துக்கு நேரே விட்டார்.

பாவாடை மோந்து பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். பிறகு வழிவிட்டார்.

"ஒண்ணும் இல்லியே. அப்பறம் எதுக்குய்யா இப்டி நடுங்கற?"

"சாயங்காலம் இதே வழியா வெளிய போயி, அந்தக் கடையத் தாண்டோணுமுங்க" என்றார் மருதாசலம்.