பட்டாளத்தின் ஒன்பதாம் நம்பர் பஸ்

ஒரு நாள் காலையில் ஒன்பதாம் நம்பர் பஸ், நாலாம் நம்பர் பஸ்ஸின் பின்னாலேயே போய், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்களை எல்லாம் மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. ஓட்டியவன் பட்டாளம். போரிலிருந்து திரும்பி வந்து டிப்போவில் சேர்ந்த இளவட்டம் என்பதால் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பிய பெரியவர் ஒருவர், "சரி, நண்டாவது வாங்கிட்டுப் போறேன்" என்று சொல்லி இறங்கினார். பஸ்ஸே சிரித்தது. பட்டாளம் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

டிப்போவில் கேலிக்கா பஞ்சம்? வழி தெரியாதவன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். வழி அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். போர்முனையில் அவன் சாப்பாட்டு லாரி ஓட்டியவன். கண்ணிவெடி புதைத்த மண் ரோடு. அங்கே ஒரே சட்டம்தான்: முன்னால் போன வண்டியின் டயர் பதிந்த இடத்திலேயே உன் டயரும் பதியவேண்டும். அவனுக்கு முன்னால் ஓட்டிப் போனவன் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டாளி. ஒரு பள்ளத்துக்குப் பயந்து ஒரு முழம் ஒதுங்கினான். அப்புறம் லாரியும் இல்லை, அவனும் இல்லை.

மீசை முழுசாக முளைக்காத பையன்களிடம் லாரியைக் கொடுத்து அனுப்பிய பெரிய மனிதர்கள், போர் முடிந்ததும் சாவியை மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். மண்டைக்குள் ஏற்றிய சட்டத்தை இறக்கிவைக்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

டிப்போ மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நாளைக்கு நானே உன் பஸ்ல வரேன். ரூட்டை விட்டு ஒரு தெரு தப்பினாலும் சரி, அப்புறம் நீ வண்டி கழுவத்தான் போகணும்."

வண்டி கழுவுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஓட்டத் தெரியும் என்ற ஒன்றைத்தான் போர் அவனிடம் மிச்சம் வைத்திருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவன் எதை வைத்துத் தலைநிமிர்வான்?

சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் அவன் மனைவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். "பஸ் மட்டும் இல்லங்க. கடைக்குப் போனாக்கூட நீங்க எனக்குப் பின்னாலயேதான் நடக்கறீங்க. பக்கத்துல வாங்கன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு என் வாய்தான் வலிக்குது" என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடப்பது அதுவரை அவனுக்கே தெரியாது.

மறுநாள் மேனேஜர் முன்சீட்டில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, ஆஸ்பத்திரித் தெரு முக்கு வரைக்கும். முன்னால் போன நாலாம் நம்பர் நேரே போய்விட்டது. இவன் இடது பக்கம் திரும்பவேண்டும். அந்தத் தெருவில் குழாய் பதித்து, மண்ணைக் கொட்டிச் சமன்செய்து, அப்போதுதான் தடுப்பை எடுத்திருந்தார்கள். வேலையாட்கள் வரச்சொல்லிக் கை காட்டினார்கள். பட்டாளம் பிரேக்கை மிதித்தான்.

"இடது பக்கம் தம்பி" என்றாள் கண்டக்டர் அக்கா.

"தெரியுதுக்கா. இந்த மண்ணுல இன்னும் ஒரு வண்டியும் போகல."

பின்னால் ஹாரன் அலறியது. உள்ளே ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நேரே போய்விட்டால் நாலாம் நம்பரின் தடம் கிடைத்துவிடும். ஆனால் மறுபடியும் மீன் மார்க்கெட்தான், டிரைவர் வேலையும் காலி. பட்டாளம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே குதித்தான். ஓடிவிட்டான் என்றே மேனேஜர் நினைத்தார்.

அவன் ஓடவில்லை. புது மண்ணில் கால் வைத்தான். கூட்டாளியின் பெயரை வாய்விட்டு ஒரு தடவை சொன்னான். அடுத்த காலை வைத்தான், அதற்கடுத்த காலையும் வைத்தான். தார் ரோடு தொடங்கும் இடம் வரை நடந்து போனான். திரும்பி வரும்போது தன் காலடித் தடத்தைக்கூடத் தேடாமல் நடந்தான். ஏறி உட்கார்ந்து, "விசில் கொடுங்கக்கா" என்றான்.

பஸ் திரும்பி அந்த மண்ணில் இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. பாதித் தெருவில் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் வந்த வேன்காரன் வண்டி புதையுமோ என்று பயந்து, இவன் டயர் பதிந்த இடத்திலேயே இம்மி பிசகாமல் டயரை வைத்து வந்துகொண்டிருந்தான். பட்டாளம் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது.

ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜர் இறங்கும்போது, "நடுவுல என்னப்பா வாக்கிங்?" என்றார்.

"ரோடு பார்த்தேன் சார்."

"பார்த்தாச்சுல்ல? இனிமே ஒன்பதாம் நம்பர் உன்னுதுதான். கிளம்பு, அடுத்த டிரிப்புக்கு லேட்டாகுது."

சாயங்காலம் அவன் சட்டைக் கம்பெனி வாசலுக்கே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்தான். ரோட்டைக் கடந்ததும் அவள் பழக்க தோஷத்தில் அவனிடம் ஏதோ சொல்லப் பின்னால் திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை.

"இங்க இருக்கேன்" என்றான், அவள் பக்கத்திலிருந்து.