பதினொரு வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கட்டிச் சூடம்

பன்னிரண்டு வருடமாகப் பதினொரு வெள்ளைக்காரர்களுக்குச் சூடம் காட்டி வந்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்கும் சிரமம் மிச்சம்.

லுணுகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் உண்டு. அதற்கு நான் செயலாளர். ஆட்டம் தெரிந்ததால் வந்த பதவி இல்லை; தோட்டத்துச் சந்தியில் போட்டோகொப்பி கடை வைத்திருப்பதால் வந்தது. ஆடிய ஒரே ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் போட்டேன், அதுவும் எங்கள் கம்பத்துக்குள். அன்றைக்கே என் காலுக்கு ஓய்வு கொடுத்து, கையில் மினிட்ஸ் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

கழகத்தின் தகரக் கொட்டகையில் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. துரை பங்களா ஸ்டோரை ஒழித்தபோது வெளியே எறிந்ததை யாரோ தூக்கி வந்து மாட்டியது. பட்டை போட்ட சட்டையில் பதினொரு வெள்ளைக்காரர்கள், பத்துப் பேர் கைகட்டி நிற்கிறார்கள். நடுவில் ஒரு மீசைக்காரர் மடியில் பந்தோடு உட்கார்ந்திருக்கிறார். பந்தின்மேல் வெள்ளை மையில் ஓர் ஊரின் பெயர். எங்கள் கழகத்தை ஆரம்பித்த துரைமார் இவர்கள்தான் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யார் சொன்னது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் நான் பதினொரு பேருக்கும் பொட்டு வைப்பேன். மீசைக்காரருக்குக் கொஞ்சம் பெரியதாக. பிறகு ஒரு கட்டிச் சூடம். இது முடியாமல் எங்கள் கேப்டன் மைதானத்தில் கால் வைக்க மாட்டான். கொழுந்து லொறி ஓட்டுகிறவன், பிரேக்கைவிடச் சூடத்தை நம்புகிறவன். ஜெயித்தால் மீசைக்காரர் கண் திறந்துவிட்டார் என்பார்கள். தோற்றால் நான் பொட்டைக் கோணலாக வைத்துவிட்டேன் என்பார்கள்.

இந்த வருடம் புது மெனேஜர் வந்தார். மைதானத்தை நாற்றுமேடையாக்கப் பார்த்தார். நாங்கள் போய் நின்றதும், மாவட்ட லீக்கில் இருக்கிறவரைக்கும் மைதானம் உங்களுடையது, லீக்கை விட்டு விழுந்தால் தேயிலைக் கன்றுக்கு என்று சொல்லிவிட்டார். நியாயமான மனிதர்தான். எங்கள் ஆட்டத்தை அவர் பார்த்திருக்கிறார், அதுதான் பயம். அந்த நேரம் பட்டியலில் நாங்கள் கடைசி. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம், ஹாலிஎல அணியோடு. ஜெயித்தால் தப்புவோம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில் வீட்டில் என் மனைவி எதற்கும் கதவைச் சாத்தி வைப்பாள். ஜெயிப்பது நிச்சயமில்லை, ஆனால் இது இங்கிலாந்திலிருந்து வேர் விட்டு வந்த கழகம் என்று எழுத்தில் காட்டினால் மெனேஜர் மனம் மாறலாம் இல்லையா? படத்தைப் போனில் பிடித்து, பந்தில் இருந்த ஊர்ப்பெயரைத் தேடினேன். அங்கே இன்றும் ஒரு சின்னக் கழகம் இருக்கிறது. படத்தையும் சேர்த்து அவர்களுக்கு ஓர் ஈமெயில் போட்டேன். ‘உங்கள் மகள் கழகம் எழுதிக்கொள்வது’ என்று ஆரம்பித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது எட்டாம் நம்பர் மலையில் இருக்கும் ஒரு பாறையில் மட்டும்தான். காலையில் ஏறினேன், மத்தியானம் ஏறினேன், கடையை அரைநாள் மூடிவிட்டு ஏறினேன். அடையாள அட்டைக்குப் படியெடுக்க வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு.

“என்னா தம்பி, தொரை கடுதாசி போட்டாரா, இல்ல பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாரா?” என்றார் ஓர் அக்கா.

இன்னொருவர், இப்படியே நின்றால் என் தலையிலும் கொழுந்து முளைக்கும், பறித்து எடை போட்டுவிடலாம் என்றார். சிரித்தேன். இறங்கினேன். பாதி வழியில் போன் கூவியது போல இருந்தது, மறுபடி ஏறினேன். கூவியது குயில்.

பதில் வந்தது ஆட்ட நாள் காலையில். அந்த ஊர்க் கழகத்தின் செயலாளர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர், நீளமாக எழுதியிருந்தார். செங்கல் சூளைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த கழகமாம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் மைதானம். ஆட்டத்துக்கு முன்னால் ஆடுகளை விரட்ட வேண்டுமாம். ஒரு புயலில் பார்வையாளர் கொட்டகையின் கூரை பறந்து சேமக்காலைக் கல்லறைகள்மேல் போய் விழுந்ததாம். ஆள் குறைந்த ஒரு நாள் எதிர் அணியைக் கூட்டி வந்த பஸ்ஸின் கண்டக்டரையே இறக்கி ஆடினார்களாம். பெரிய லீக் எதிலும் இருந்ததில்லை, இருக்கப் போவதுமில்லை என்று அவரே எழுதியிருந்தார். இப்போதும் சனிக்கிழமைகளில் அவர்தான் மைதானத்துக்குக் கோடு போடுகிறாராம், இடைவேளைக்குத் தேநீர் போடுவதும் அவர்தானாம். படிக்கப் படிக்க எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. கூரை பறந்த கதை மட்டுமே போதும், மெனேஜருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கடிதத்தின் கடைசிப் பந்தியில்தான் விழுந்தேன். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது எங்கள் வரலாற்றிலேயே மோசமான அணி, அந்த வருடம் அவர்கள் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை, தயவுசெய்து இவர்களை வைத்து எங்களை எடை போடாதீர்கள் என்று கேட்டிருந்தார். பந்தோடு உட்கார்ந்திருப்பவர் கோல்கீப்பராம். அந்த வருடத்தோடு ஊரைவிட்டுச் சிலோனுக்குத் தேயிலை பயிரிடப் போய்விட்டார் என்று கேள்வியாம். இலங்கையில் அவர் கழகம் எதுவும் தொடங்கியதாகத் தகவல் இல்லையாம்.

பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரிய பொட்டு யாருக்கு வைத்தேன், பார்த்தீர்களா!

கொட்டகைக்கு வந்தபோது எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஹாலிஎல பஸ் வளைவில் ஹோர்ன் அடிக்கும் சத்தம் கேட்டது. கையில் தீப்பெட்டியோடு படத்துக்கு முன்னால் நின்றேன். குச்சியை எடுப்பேன், திரும்ப உள்ளே வைப்பேன். ஏற்றினால் தோற்றவர்களிடம் வெற்றி கேட்கிற கதை. ஏற்றாவிட்டால் கேப்டன் கால் வைக்க மாட்டான். சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் எந்தக் காலத்தில் எனக்கு அடங்கியிருக்கிறது? அவனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

“இவங்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையாம்டா. மீசைக்காரரு கோல்கீப்பராம். எல்லாத்தையும் உள்ள விட்டவரு.”

அவன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான். மீசைக்காரரின் நெற்றியில் போன ஆட்டத்துப் பொட்டு இன்னும் இருந்தது. வெளியே பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் எங்கள் மைதானத்தின் சரிவைப் பார்த்துச் சிரிப்பது கேட்டது.

“இப்ப என்னடா செய்ய? சூடம் ஏத்தவா, வேணாமா?” என்று கேட்டேன்.

“அப்ப நம்ம ஆளுங்கதான். ரெண்டு கட்டியா ஏத்துங்கண்ணே.”